மீதியை வெள்ளித்திரையில் காண்க



கோடம்பாக்கத்தில் இரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம் நிற்பதை நீங்கள் அறிவீர்கள். நான் சிறுவனாய் இருந்த நாளில் அந்தப் பாலம் இல்லை. 1960களின் நடுவிலேதான் அது எழுந்தது. அதற்கு முன்பு அந்த இடத்தில் ஓர் இரயில்வே கேட்டு இருந்தது. இரயில் வரும் நேரத்தில் கேட்டு மூடும். வடபழனிப் பக்கத்து ஸ்டூடியோக்களுக்குச் செல்லும் நடிகர் நடிகையரின் கார்களும் மற்ற வண்டிகளோடு வண்டியாய் அங்கே நிற்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களை நம்பி, வெளியூரிலிருந்து வந்த மக்கள் வெயிலிலே மணிக்கணக்காய்க் காத்துக் கிடப்பார்கள்.

எங்களைப் போன்ற உள்ளூர்ப் பிள்ளைகளுக்கோ நடிகர்களைக் காட்டிலும் நோட்டீசு வண்டியின்மேல்தான் மோகம் அதிகம். குதிரை வண்டியின் இரு புறமும் படம் ஒட்டிய தட்டிகள் சாத்தப்பட்டிருக்கும். உள்ளே ஒருவர் மேளம் கொட்டுவார். மற்றொருவர் இளஞ்சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தாள்களை அள்ளி வீசுவார். வண்டியின் பின்னே ஓடி ஓடி அத்தாள்களைப் பொறுக்கிச் சேர்த்ததில் என் முழங்கால்கள் இரண்டும் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்த வடுக்களில் ஒன்று இன்றும் இருக்கிறது.

இவையெல்லாம் நெடுங்காலம் மறந்திருந்த செய்திகள். அவற்றை மீண்டும் எண்ணிப் பார்க்கும்படி செய்தவன் என் பேரன். கல்லூரியிலே படிக்கிறான். ஓய்வு நேரத்தில் கைப்பேசியின் துணைகொண்டு நம் ஊர்ப் பழங்கதைகளைக் காணொளியாக்கி யூடியூபில் வெளியிட்டு வருகிறான். ஒரு நாள் மாலை முகம் வாடி என்னிடம் வந்தான். “தாத்தா, இந்தப் படத்தைப் பதினோராயிரம் பேர் திறந்தார்கள். அரை நிமிடத்துக்குள் அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அதற்கு முன்பு நான் போட்ட படங்களைக்கூட இப்போது யாரும் பார்ப்பதில்லை. என்ன குற்றம் செய்தேன்?” என்று கேட்டான்.

அவன் கேள்விக்கு விடை அவனுடைய கைப்பேசியில் இல்லை. கோடம்பாக்கத்தின் பழைய கணக்கில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் விரிக்கப் போகிறேன்.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சென்னையில் கினிமா சென்ட்ரல் என்னும் கொட்டகையில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. தமிழ் ஒலித்த முதல் பேசும்படம் அது. தமிழ் ஒலித்தது என்றுதான் சொல்கிறேன். தமிழ் மட்டுமே ஒலித்தது என்று சொல்லவில்லை. கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழிலே பேச, தெலுங்கும் உடன் ஒலித்த படம் அது. இன்று ஒருவர் அப்படி ஒரு படத்தைத் தமிழ்ப்படம் என்று கூறி வெளியிட்டால் வசைமாரி பொழிவோம் அல்லவா? அன்றைய மக்கள் வசை பாடவில்லை. ஏனெனில் தமிழும் தெலுங்கும் பேசும் படம் என்றே அறிவித்து அதைக் காட்டினார்கள். அதற்குமுன் ஊமையாய் இருந்த திரை இப்போது வாய் திறக்கும் என்பதே அன்று தரப்பட்ட வாக்கு. திரை வாய் திறந்தது, வாக்கு நிறைவேறியது. விளம்பரம் ஒன்றைச் சொல்லிப் படம் அதையே காட்டுமாயின், படத்தின் மற்றக் குறைகளை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்பதற்கு நம் பேசும்படத்தின் முதல் நாளே சான்று.

பிறகு சென்னையிலேயே ஸ்டூடியோக்கள் தோன்றின. 1948இல் ஏவி. மெய்யப்பன் தம்முடைய ஸ்டூடியோவைக் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்திற்குக் கொண்டுவந்து நிறுவினார். அப்பகுதியிலேயே வாகினி வளர்ந்தது. நாகி ரெட்டியாரின் நிர்வாகத்தில் விஜயா-வாகினி என்று அது பெருகிய காலத்தில், ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்டது. ஊரின் பெயரே தொழிலின் பெயராயிற்று. ‘கோடம்பாக்கம் போனான்’ என்றால், சினிமாவில் சேரப் போனான் என்று பொருள் கொள்ளும் காலம் வந்தது.

அக்காலத்தில் ஒரு படம் மக்களிடம் சென்ற வழியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் பின்னே சொல்லப்போவது விளங்காது. படச்சுருள்களை அடைத்த தகரப் பெட்டிக்குத் தொழிலில் ‘பெட்டி’ என்றே பெயர். பிரதி எடுக்கச் செலவு மிகுதி. ஆகையால் பெட்டிகள் சிலவே. அவை முதலில் சென்னை, மதுரை போன்ற பெருநகரங்களுக்குப் போகும். இவற்றை ஏ சென்டர் என்பார்கள். அங்கே ஓடித் தேய்ந்தபின் சிறு நகரங்களுக்கு, அதற்கும் பின் சிற்றூர்களின் கீற்றுக் கொட்டகைகளுக்கு என்று பெட்டி இறங்கிச் செல்லும். ஒரு சிற்றூருக்குப் படம் வந்து சேர மாதங்கள் ஆகும். சில படங்களுக்கு ஆண்டே ஆகிவிடும். ஆனால் பேச்சு அப்படியன்று. மதுரைக்குச் சந்தைக்குப் போனவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி ஊருக்குள் வருமுன் அதன் தலையெழுத்து அந்தத் திண்ணையிலே தீர்மானமாகிவிடும்.

ஆகவே அன்றைய விநியோகஸ்தர்களுக்கு முதல் நாள் கூட்டத்தைக் காட்டிலும் முதல் நாள் பார்த்தவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்கிறார் என்பதே பெரிய கவலை. ஒரே படத்தை மீண்டும் மீண்டும் வந்து பார்ப்பவரைத் தொழிலில் ‘ரிப்பீட் ஆடியன்ஸ்’ என்று மரியாதையோடு குறிப்பிடுவார்கள். முதல் முறை வருபவரை நோட்டீசு அழைத்து வரலாம். இரண்டாம் முறை அவரை அழைத்து வரும் ஆற்றல் எந்த நோட்டீசுக்கும் இல்லை.

இந்த உண்மையை நன்கு உணர்ந்து எழுதப்பட்டது பாட்டுப் புத்தகம். நாலைந்து தாள்களை மடித்துத் தைத்த மெல்லிய புத்தகம் அது. கொட்டகை வாசலிலே சில காசுகளுக்குக் கிடைக்கும். மேலட்டையில் படத்தின் பெயர், உள்ளே நடிகர் பெயர்கள், பாட்டுக்கள், அவற்றோடு ‘கதைச் சுருக்கம்’. அந்தச் சுருக்கத்தை எழுதியவர்களின் திறமையை நான் இன்றும் வியக்கிறேன். கதையை முக்கால் பங்கு ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவார்கள். நாயகன் யார், நாயகி யார், வில்லன் செய்த சூழ்ச்சி என்ன, நாயகன் எப்படிச் சிறைப்பட்டான் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு இரண்டு கேள்விகள்: அவன் விடுதலை பெற்றானா? அவள் கதி என்ன ஆயிற்று? அதன் கீழே, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவார்கள்.

ஆவலைத் தூண்டுவது இதற்கும் நோக்கந்தான். இதை நான் மறைக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். புத்தகத்தில் கேட்ட கேள்விக்குத் திரையிலே விடை இருந்தது. நாயகன் விடுதலை பெற்றானா என்று கேட்டவர்கள், இரண்டரை மணி நேரம் கழித்தேனும் அவன் பெற்றான் என்றோ பெறவில்லை என்றோ காட்டினார்கள். மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. மறைத்த பொருள் உள்ளே இருக்கும்போது பார்த்தவன் மகிழ்ந்து போகிறான். உள்ளே ஒன்றுமே இல்லாதபோது ஏமாந்து போகிறான்.

எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ 1948 ஏப்ரலில் வெளிவந்தது. கோடம்பாக்கத்துக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஜெமினி ஸ்டூடியோவில் உருவான படம். அதற்குச் செய்யப்பட்ட விளம்பரம் போல் அதற்கு முன்பு தென்னாட்டில் எந்தப் படத்திற்கும் செய்யப்பட்டதில்லை. இந்தியில் எடுத்து நாடு முழுதும் கொண்டுசென்றபோது அது பின்னும் பெருகிற்று. வாசன் ஆடம்பரப் பிரியர், பணத்தை வாரி இறைத்தார் என்றெல்லாம் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் பிரம்மாண்டம் என்று சுவரெங்கும் எழுதியவர், உள்ளே வந்தவருக்கு அந்த முரசு நடனத்தைக் காட்டினார். பெரிய முரசுகளின்மேல் அணி அணியாய்ப் பெண்கள் ஆட, அந்த முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படும் அக்காட்சியைக் கண்டவர், விளம்பரத்தில் சொன்னது குறைவு என்றுதான் ஊரில் போய்ச் சொல்லியிருப்பார். உரத்துக் கூவுவது குற்றமன்று என்று நான் கருதுவதற்குச் ‘சந்திரலேகா’வே காரணம்.

ஆனால் கூவியது வேறு, விற்றது வேறு என்னும் குற்றத்தைச் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களுள் அடியேனும் ஒருவன்.

1970களின் நடுவிலே, படிப்பை முடித்த புதிதில், ஓர் அச்சகத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தேன். சினிமா நோட்டீசுகளுக்கு வாசகம் எழுதுவது என் பணிகளுள் ஒன்று. செங்கற்பட்டுப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை நடத்திய பெரியவர் ஒருவர் எங்களிடம் நோட்டீசு அடிக்கக் கொடுப்பார். அவர் எடுத்து வந்த பழைய படம் ஒன்றில், அப்போது புகழின் உச்சியில் இருந்த நடிகர் ஒருவர் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் தலைகாட்டியிருந்தார். நான் அவருடைய பெயரைக் கொட்டை எழுத்தில் முதலிலே போட்டு, ‘நடிக்கும்’ என்று எழுதி, உண்மையான நாயகனைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டேன். முதல் நாள் கொட்டகை கொள்ளவில்லை. பெஞ்சு, தரை எல்லாம் நிரம்பி, வெளியிலும் மக்கள் நின்றார்களாம். மறுநாள் ஈ ஓட்டினார்கள். அதற்கடுத்த வாரம் நல்ல படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கும் ஆள் இல்லை.

பெரியவர் அச்சகத்துக்கு வந்தார். சண்டை போடுவார் என்று எண்ணி நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் அமைதியாகத்தான் பேசினார். “தம்பி, மொத நாளு வந்தவன் உன் நோட்டீசைப் பார்த்து வந்தான். மறுநாளு வராதவன், மொத நாளு வந்தவனைப் பார்த்து வராம நின்னுட்டான். இனிமே நான் நிசத்தைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை” என்றார். அந்த ஆண்டு மழைக்காலத்தில் கொட்டகையைப் பிரித்தவர் மறுபடி கட்டவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனினும் என் நோட்டீசும் ஒரு காரணம் என்னும் எண்ணம் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

இனி, இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் கோடம்பாக்கத்தின் கணக்கு நிறைவு பெறாது.

1943இல் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிய வதந்திகளே அதன் சரக்கு. அது எங்கும் பரபரப்பாக விற்றது. எழுதாமல் இருப்பதற்காகப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்பது அந்நாளைய பேச்சு. திரையுலகினர் ஆளுநரிடம் முறையிட்டார்கள். பத்திரிகையின் உரிமம் நீக்கப்பட்டது. அவர் ‘இந்து நேசன்’ என்னும் மற்றொரு பத்திரிகையின் மூலம் அதே தொழிலைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்தபோது அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் துறந்தார்.

அந்தக் கொலை வழக்கில் தமிழ்த் திரையுலகின் இரு பெரும் நட்சத்திரங்களான எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1944 தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையிலே அவர் பாடிக்கொண்டிருந்த அந்நாட்களில், பெரும்பகுதி அவர் சிறையிலே இருந்தார் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்துவது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, வழக்கு மறு விசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றார்கள். கலைவாணர் தம் இடத்தை மீண்டும் பிடித்தார். பாகவதருக்கு அந்தப் பழைய ஒளி மீளவில்லை, 1959இல் மறைந்தார். லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இறுதிவரை நிலைநாட்டப்படவில்லை.

‘இந்து நேசனை’ மறைத்து வைத்துப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அதில் படித்ததை ஆதாரமாய்க் காட்டி ஒருவரிடம் பேச எவரும் துணியவில்லை. பரவியது மிகுதி, நம்பிக்கை இல்லை. பத்திரிகை அழிந்தது, ஆசிரியர் மாண்டார், கொலை செய்யாதவர்கள் என்று நீதிமன்றம் விடுவித்த இருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் வாடினார்கள். மக்கள் ஆவலோடு வாங்கினார்கள் என்பதொன்றே ஒரு செய்திக்குத் தகுதியாகிவிடாது என்று நான் சொன்னால், இந்த வரலாற்றை எண்ணியே சொல்கிறேன் என்று கொள்ளுங்கள்.

என் பேரன் வெளியிட்ட காணொளி எதைப் பற்றியது என்கிறீர்கள்? இதே வழக்கைப் பற்றியது! செய்திகளை என்னிடம்தான் கேட்டு எழுதிக்கொண்டான். பத்து நிமிடக் காணொளி. உள்ளே பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதன் தலைப்பு: ‘80 ஆண்டு மர்மம் உடைந்தது! கொலையாளி இவர்தான்!’ முகப்புப் படத்திலே பாகவதரின் முகம். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் இரத்தம் சொட்டும் கத்தி. நான் திகைத்துப் போனேன். கொலையாளி யாரென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; விடுவிக்கப்பட்டவரின் முகத்தில் வட்டம் போட இவன் யார்? ‘சினிமா தூது’வின் கதையைச் சொல்ல வந்தவன், தானே ஒரு ‘சினிமா தூது’ ஆகிவிட்டான்.

கைப்பேசியில் அவன் ஒரு கோட்டை எனக்குக் காட்டினான். ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அந்தக் கோடு சொல்லும். மலையுச்சியிலிருந்து கல் உருண்டாற்போல, தொடக்கத்திலேயே அது சரிந்துவிட்டது. கீழே ஒருவர், ‘கொலையாளி யார் என்று கடைசி வரை சொல்லவில்லையே’ என்று எழுதியிருந்தார். எனக்குச் செங்கற்பட்டுப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது.

இந்தக் கோடு வந்த வரலாற்றையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். யூடியூப் 2005இல் தோன்றியது. முதற்சில ஆண்டுகள், எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதையே அது பெரிதாக எண்ணிற்று. அதிகம் திறக்கப்பட்டதையே மேலும் பலருக்குப் பரிந்துரைத்தது. விளைவு என்ன? கொட்டை எழுத்தில் பொய்ப் பெயர் போட்டவர்களுக்கு நல்ல அறுவடை. இதை உணர்ந்த நிறுவனம், 2012இல் தன் கணக்கை மாற்றியது. திறந்தவர் எத்தனை பேர் என்பதைக் காட்டிலும், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது முதன்மை பெற்றது. பின்னர், பார்த்தது மனநிறைவு தந்ததா என்று பார்வையாளரையே கேட்டறியும் முறையும் சேர்ந்தது. பலர் திறந்து உடனே விலகும் காணொளியைப் பொறி மேலும் பலர் முன் வைக்கத் தயங்குகிறது. அன்று திண்ணையில் உட்கார்ந்தவர் நாலு வார்த்தையில் சொன்னதை, இன்று நம் விரல் ஒரு சொல்லும் இன்றிச் சொல்லிவிடுகிறது.

2024 டிசம்பரில் அந்நிறுவனம் நம் நாட்டுக்கென்றே ஓர் அறிவிப்பையும் வெளியிட்டது. காணொளியில் இல்லாத ஒன்றைத் தலைப்பிலோ முகப்புப் படத்திலோ கூறி மக்களை மோசமாக ஏமாற்றுபவற்றை, சிறப்பாக அன்றாடச் செய்திகள் பற்றியவற்றை, நீக்கப் போவதாக அது கூறியது. நீக்க வேண்டிய அளவுக்கு இந்த நோய் இங்கே முற்றியிருந்தது என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

பிறர் பொருளை எடுத்துத் தன் பொருளாய்க் காட்டுவதும் உண்டு. பிறருடைய பாட்டையோ காட்சியையோ இணைத்தால் அதைக் கண்டறிந்து உரியவருக்குத் தெரிவிக்கும் பொறியை 2007 முதலே யூடியூப் வைத்திருக்கிறது. காசு கொடுத்துச் சந்தாதாரரைச் சேர்ப்பது மற்றொன்று. 2018இல், விளம்பர வருவாயில் பங்கு பெற 1000 சந்தாதாரரும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று விதித்தபின், இந்த ஆசை பலரைப் பிடித்தது. வாங்கிய சந்தாதாரர் பார்ப்பதில்லை. அவர் தொகை பெருகப் பெருக, எத்தனை பேர் இருந்தும் யாரும் பார்க்கவில்லை என்பதே வெளிச்சமாகிறது. கோடம்பாக்கத்துக்கு இது புதிதன்று. ஒரே கொட்டகையில் பகற்காட்சி மட்டும் காலி நாற்காலிகளுக்கு ஓட்டி, ‘வெற்றிகரமான 100ஆவது நாள்’ என்று சுவரொட்டி ஒட்டிய படங்களை எங்கள் தலைமுறை கண்டு சிரித்திருக்கிறது.

பொய் சொல்லாமலும் ஒரு விளம்பரம் படத்துக்கு இடர் செய்யக்கூடும். 2011 நவம்பரில் ‘3’ என்னும் படத்துக்காக ‘கொலவெறி’ப் பாட்டை யூடியூபில் வெளியிட்டார்கள். பாடகரும் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் இயல்பாய் இருந்து பாடும் காட்சி. வேடம் இல்லை, வித்தை இல்லை. கடல் கடந்தும் அது பரவிற்று. ஆனால் 2012 மார்ச்சில் வந்த படமோ, மனநோயால் ஒரு குடும்பம் சிதைவதைக் காட்டும் துயரக் கதை. பாட்டின் துள்ளலை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அது வேறொரு படமாய் இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, ஆயினும் பாட்டின் நிழல் படத்தின்மேல் விழுந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் கேட்கலாம். முன்னோட்டத்தில் கண்ட பாட்டு படத்தில் இல்லை என்று, ‘ஃபேன்’ என்னும் இந்திப் படத்தைப் பார்த்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். நுகர்வோர் ஆணையம் அவர் பக்கம் நின்றது. ஆனால் முன்னோட்டம் என்பது ஒப்பந்த வாக்குறுதி ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளருக்கு அது வெற்றி. டிக்கெட்டு வாங்கியவரின் மனத்தில் அந்தத் தீர்ப்பு செல்லுபடியாகுமா என்பது வேறு கேள்வி.

அதே 2024 நவம்பரில், தமிழ்த் தயாரிப்பாளர் சங்கத்தார், கொட்டகை வளாகத்தில் யூடியூப் விமர்சகர்களை அனுமதிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். படம் வெளிவந்து 3 நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று கோரி உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. அவர்களுடைய துன்பம் எனக்குப் புரிகிறது. பெட்டி பயணம் செய்த காலம் போய்விட்டது. இன்று படம் ஒரே நாளில் எல்லா ஊர்களிலும் திறக்கிறது. மூன்று நாள் வசூலே பிழைப்பு. பார்க்காமலே பழிக்கும் விமர்சகரும், காசு வாங்கிப் புகழ்பவரும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் 3 நாட்கள் திண்ணைப் பேச்சை நிறுத்திவைக்க அன்றைய ஜாம்பவான்களாலும் முடிந்ததில்லையே!

கேளிக்கைப் படங்களோடு இது நின்றிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்கமாட்டேன். 2023 மார்ச்சில் நடந்ததை நினைவுகூருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு நிகழ்ச்சிகளின் காட்சிகளுக்குப் புதுத் தலைப்பு ஒட்டிய பொய்கள் அவை என்று காவல்துறை தெளிவுபடுத்தி வழக்குகள் தொடுத்தது. பீகார் அரசின் குழு ஒன்று நேரில் வந்து பார்த்துச் சென்றது. அதற்குள், எத்தனை தொழிலாளர்கள் அஞ்சி இரயில் ஏறினார்கள்! எத்தனை தாய்மார்கள் ஊரில் உறக்கமின்றி இருந்தார்கள்! கத்தி வேப்பேரியில் ஓங்கப்பட்ட காலத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் வந்துவிடவில்லை என்று அன்று உணர்ந்தேன்.

என் பேரனிடம் இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொன்னால் அவனும் அரை நிமிடத்தில் எழுந்து போயிருப்பான். பரணில் இருந்த பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, கதைச் சுருக்கத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தான். கடைசி வரியில் நின்றான். “இதிலே என்ன படத்தில் வந்தது?” என்று கேட்டான். நான் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “புதுக்கோட்டைப் பக்கத்துத் தாத்தா ஒருவரும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்துக் காட்டுகிறார்களே, 2021இலேயே தமிழில் முதன்முதலாய் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்றார்களே, அவர்களும் இப்படித்தான் தாத்தா. இன்ன சமையல் என்று தலைப்பில் போடுவார்கள். அதைச் சமைத்து, ஊராருக்குப் பரிமாறிவிட்டுத்தான் முடிப்பார்கள்” என்றான். எனக்கு அது தெரியாது. அன்றிரவே அவனோடு உட்கார்ந்து அவர்கள் காணொளி ஒன்றைக் கடைசிவரை பார்த்தேன்.

மறுநாள் தலைப்பை மாற்றினான்: ‘லட்சுமிகாந்தன் வழக்கு: பாகவதரும் கலைவாணரும் விடுதலை பெற்ற கதை’. சிவப்பு வட்டமும் கத்தியும் போயின. கீழே, முதல் தலைப்பு தவறு, கொலையாளி யாரென்று நிறுவப்படவில்லை என்று தன் பெயரோடு எழுதினான். அப்படி எழுதுமாறு நான் கூறவில்லை; அவனே எழுதியது. அடுத்த சில வாரங்களில் அதைத் திறந்தவர்கள் 400 பேருக்குச் சற்று மேல். ஆனால் அந்தக் கோடு இப்போது உருண்டு விழவில்லை. மெல்லச் சாய்ந்து கடைசிவரை வருகிறது.

‘விடுதலைக்குப் பிறகு பாகவதர் என்ன ஆனார்? அதையும் சொல்லுங்கள்’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்காக, பாகவதர் சிறையிலிருந்து வந்தபின் 1948இல் நடித்த ‘ராஜமுக்தி’யின் பாட்டுப் புத்தகம் கிடைக்குமா என்று என் பேரன் இரண்டு நாட்களாய்ப் பரணைக் குடைந்துகொண்டிருக்கிறான்.